கோயமுத்தூர் பார்க்க வந்தவர்கள்

கீதா பிரியாணிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. முதலாளி மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருவதாகத்தான் சொல்லியிருந்தார். மணி எட்டுகூட ஆகவில்லை. சுரேந்தர் பனியனோடு போய்க் கதவைத் திறந்தான். வாசலில் அவனுடைய அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள்.

அப்பா அப்புசாமியின் சட்டையில் இரண்டாவது பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு. அம்மா பழனாத்தாளின் கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் பை. இருவர் காலிலும் ரப்பர் செருப்பு.

"என்னங்கப்பா திடீர்னு? ஒரு கடுதாசி போட்டிருக்கலாமுங்களே?"

"ஒரு சேதி சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தோம் கண்ணு," என்றார் அப்பா.

"உள்ள வாங்க மொதல்ல," என்று சொல்லிவிட்டு, அவர்கள் உட்காருவதற்குள் சுரேந்தர் சமையலறைக்குள் ஓடினான்.

விஷயம் இதுதான். பம்புசெட் கம்பெனி ஒன்றில் சுரேந்தர் இரண்டு வருஷமாக விற்பனைப் பிரிவில் இருந்தான். திருப்பூரில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு மேனேஜர் தேடிக்கொண்டிருந்தார் முதலாளி வரதராஜுலு. அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தோப்பு துரவு உள்ள வீட்டுப் பையன் கம்பெனிக் காசில் கைவைக்கமாட்டான். வேலைக்குச் சேர்ந்த அன்றே சுரேந்தர், "ஆனைமலைப் பக்கம் நமக்குத் தென்னந்தோப்பு இருக்குதுங்க சார்," என்று சொல்லிவைத்திருந்தான். பொய்யில்லை. ஐந்து ஏக்கர். அந்த ஐந்து ஏக்கர்தான், ஒருவரும் உரம் வைக்காமலே, ஆபீசுக்குள் இரண்டு வருஷத்தில் இருபத்தைந்து ஏக்கராக வளர்ந்துவிட்டது. கூடவே அப்பாவும் வளர்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, ஜீப், பண்ணையத்துக்கு எட்டு ஆள்.

போன வருஷம் காந்திபுரத்தில் பெரிய மண்டபம் பிடித்து அப்பா கல்யாணம் செய்துவைத்தார். நல்லவேளையாக முதலாளி அன்றைக்கு மெட்ராஸ் போயிருந்தார். ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு சுரேந்தர் ஊர்ப்பக்கம் போகவேயில்லை.

"மாமாவ இந்தக் கோலத்துல சார் பாத்தாருன்னா இருபத்தஞ்சு ஏக்கர நம்புவாருங்களா?" என்று கீதா மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்காக வந்தவங்களப் போகச் சொல்ல முடியுமா?"

"போகச் சொல்ல வேண்டாம், கூட்டிட்டுப் போங்க. ஊர சுத்திக் காட்டுங்க. சார் சாப்பிட்டுட்டுப் போனதுக்கப்புறம் கூட்டிட்டு வாங்க. நான் சோறு எடுத்து வெக்கறேன்."

"மாசக் கடைசியில ஊர் சுத்தறதா?"

"செலவில்லாத எடமாப் பாருங்க. பேச்சிலரா இருக்கறப்ப அதானே பண்ணிட்டிருந்தீங்க."

அது உண்மை. கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷ லீவு நாள்களை இந்த ஊரில் பைசா இல்லாமலே தள்ளியவன் அவன். மியூசியத்துக்குக் காசில்லை. விவசாயக் கல்லூரித் தோட்டத்துக்குக் காசில்லை. ஜூவுக்குச் சில்லறை போதும். பீளமேட்டில் வேலியோரமாக நின்றால் ஏரோப்ளேன் இறங்குவதைச் சும்மாவே பார்க்கலாம்.

"ஊர் சுத்தவா? நாங்க அதுக்கு வரலியே கண்ணு," என்றார் அப்பா. "ஒரு சேதி..."

"சேதியச் சாயங்காலம் பேசிக்கலாமுங்க. இத்தனை தூரம் வந்துபோட்டு கோயமுத்தூரப் பாக்காமப் போனா எப்படி?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பையிலிருந்த முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"செரி, காட்டு," என்றார் அப்பா.

டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அவர் கேட்டார். "ஞாயித்துக்கெழம மியூசியம் தொறந்திருக்குமா கண்ணு?"

"இது டவுனுங்கப்பா. இங்க ஞாயித்துக்கெழமைதான் எல்லாமே தொறந்திருக்கும்."

மியூசியத்தின் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. ஞாயிறு விடுமுறை என்று பலகையில் எழுதியிருந்தது. அப்பா பலகையைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வெளிய இருந்து பாத்தாலே நல்லாத்தான் இருக்குது," என்றார்.

அங்கிருந்து விவசாயக் கல்லூரிக்கு நடத்தியே கூட்டிப்போனான். தோட்டத்தில் ரோஜாச் செடிகளைக் காட்டினான். எங்கிருந்தோ கொண்டுவந்த மரம் என்று ஒன்றைக் காட்டி, தன் வாயில் வந்த நாட்டின் பெயரைச் சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு வரிசை தென்னைகள் வந்தன. அப்பா அதில் ஒன்றின் மேல் கைவைத்து அப்படியே நின்றுவிட்டார். குருத்தை அண்ணாந்து பார்த்தார். "வண்டு உழுந்திருக்குது," என்றார். நகரவில்லை.

"தோப்ப வெச்சுட்டு இங்க வந்து தென்னமரத்தையா பாப்பீங்க?" சுரேந்தர் கடிகாரத்தைப் பார்த்தான். "வாங்க, இன்னும் எத்தனையோ இருக்குது."

"போலாம் வாங்க," என்று அம்மாதான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்த மரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஜூவுக்குள் போனபோது பதினொன்று ஆகிவிட்டது. குரங்குக் கூண்டுக்கு எதிரில் நிழலாக ஒரு பெஞ்சு இருந்தது. இருவரையும் உட்காரவைத்து, இரண்டு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தான்.

"ஆபீஸ்ல ஒரு அவசர வேலைங்க. ரெண்டு மணிக்கு வாரேன். பாம்பு, மயிலு, மானு, எல்லாத்தையும் பொறுமையாப் பாருங்க. ஆனா கேட்டத் தாண்டிப் போயிராதீங்க. டவுனு பெருசு, தொலஞ்சு போயிருவீங்க."

"செரி கண்ணு," என்றார் அப்பா. "அந்தச் சேதி ஒரு வார்த்தைதான்..."

"ரெண்டு மணிக்குங்கப்பா."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தான். முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டைக்குள் ஒரு கையை நுழைத்தபோது டெலிபோன் அடித்தது. கீதா எடுத்தாள். எடுத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சார்தான். பேரன் அழுதானாம். அதனால ஜூவுக்கு வந்துட்டாங்களாம். பாத்துட்டு அங்க இருந்து நேரா இங்க வாராங்களாம்."

இன்னொரு கையைச் சட்டைக்குள் விட்டது ஸ்கூட்டரில் போகும்போதுதான்.

மாசக் கடைசியில் இரண்டாவது முறையாக டிக்கெட் எடுத்து உள்ளே ஓடினான். பெஞ்சு காலியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. மயில் கூண்டுக்கு முன்னால் வரதராஜுலு நின்றிருந்தார். பக்கத்தில் அப்பா. அப்பாவின் தோளில் முதலாளியின் பேரன். பையன் வாயில் ஓலையில் செய்த பீப்பி. அதைக் கேட்டு மயிலே ஒதுங்கிப் போய்விட்டது.

"அட, சுரேந்தர், நீ எங்க இங்க?" முதலாளி உற்சாகமாகக் கூப்பிட்டார். "இந்தப் பெரியவரப் பாரு. கூப்பாடு போட்டுட்டிருந்த பையன ஒரு நிமிசத்துல அடக்கிட்டாரு. ஆனைமலைப் பக்கமாம். உனக்குத் தெரியுமா?"

அப்பா வாயைத் திறந்தார். சுரேந்தர் முந்திக்கொண்டான்.

"தெரியுங்க சார். நம்ம தோப்புலதான் வேலை செய்யறாங்க. ரெண்டு பேரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பையன் பீப்பியை ஊதினான். அம்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பையனைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டார். மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமாங்க. தம்பியோட தோப்புலதானுங்க இருக்கறோம்," என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீங்க வாரீங்கன்னு தெரியாதுங்க தம்பி," என்றார்.

பிறந்த நாளிலிருந்து அவனைக் 'கண்ணு' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

வேலை முடிந்தது, இருவரையும் பெஞ்சுக்கு அனுப்பிவிடலாம் என்று சுரேந்தர் நினைத்தான். ஆனால் முதலாளிக்கு அப்பாவைப் பிடித்துப்போயிருந்தது.

"இவங்களும் நம்மகூட வரட்டும். சோறு உண்டுபோட்டுப் போகட்டும். தோப்பப் பத்தி சொந்தக்காரன் சொல்றதவிட வேலைக்காரன் சொல்றதுதான் நெசம்."

அப்பாவும் அம்மாவும் முதலாளியின் காரில் வந்தார்கள். சுரேந்தர் பின்னால் ஸ்கூட்டரில் புகையைக் குடித்துக்கொண்டு வந்தான்.

பட்டுச் சேலையில் கதவைத் திறந்த கீதா, "வாங்க மா..." என்று ஆரம்பித்தாள். முதலாளிக்குப் பின்னால் மாமனார் நிற்பதையும், அவருக்குப் பின்னால் புருஷன் கைகூப்புவதையும் பார்த்தாள். "மாடிக்குப் போக வேண்டாம், இங்கயே உக்காருங்க," என்று முடித்தாள். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது.

முதலாளிக்கும் அவர் பேரனுக்கும் ஹாலில் தலைவாழை இலை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பின்பக்கம் துணிதுவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. வேறு வழியில்லை என்று கீதா கண்ணாலேயே சொன்னாள். "இருக்கட்டும் அம்மணி," என்று அம்மா அவள் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

முதலாளி கோழிக்காலைக் கடித்தபடி பின்பக்கத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பெரியவரே, தோப்பு மொத்தம் எத்தனை ஏக்கரா?"

பரிமாறிக்கொண்டிருந்த சுரேந்தர் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டான். அப்பாவிடம் எண்ணிக்கையைச் சொல்லிவைக்கவில்லை.

"தம்பி சொல்லியிருப்பாருங்களே," என்று குரல் வந்தது.

"இருபத்தஞ்சுன்னான்."

பின்பக்கத்தில் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "ஆமாங்க. அளந்தா அதுக்குச் சித்த எச்சாத்தானுங்க வரும்."

அதற்குப் பிறகு அப்பா கேட்காமலே பேசினார். கிணற்றுமேட்டில் நிற்கிற நாலு செவ்விளநீர் மரங்களைச் சொன்னார். வாய்க்காலைப் பார்த்துச் சாய்ந்த மரத்தில்தான் காய்ப்பு அதிகம் என்றார். எந்த வருஷப் புயலில் எது சாய்ந்தது, எந்த மரத்துக் காயில் எண்ணெய் நிற்கும் என்று ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்பா ஒரே மூச்சில் இத்தனை பேசி சுரேந்தர் கேட்டதில்லை. முதலாளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கை கழுவும்போது அவர் தீர்மானமாகச் சொன்னார். "வர ஞாயித்துக்கெழம தோப்புக்கு வாரோம் சுரேந்தர். அந்தச் செவ்வெளநியக் குடிச்சுட்டு, அங்கயே வெச்சு உன் கையில திருப்பூர் ஆர்டரக் குடுத்துடறேன்."

பின்பக்கத்தில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

நாலு மணிக்கு சுரேந்தர் அவர்களை உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தான். வழியெல்லாம் அவன்தான் பேசினான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் ஒரு நாளைக்கு வேலிப்படலைத் திறந்துவைக்கச் சொல்லவேண்டும். அப்படிச் செய்தால் நாலு தோப்பும் ஒட்டுக்கா ஒரே தோப்பாகத் தெரியும். வாடகைக்கு ஒரு ஜீப். அப்பாவாக நடிக்க, வெள்ளைச் சட்டை போட்டால் எடுப்பாக இருக்கிற பெரியமாமனைக் கேட்டுப் பார்க்கலாம்.

"நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வேலையாளு மாதிரியே நின்னுக்கலாம். அதான் சாருக்குப் பழகிப்போச்சே."

அப்பா நின்றார். "அவர வர வேண்டாம்னு சொல்லிப்போடு கண்ணு."

"என்னங்கப்பா இப்படிச் சொல்றீங்க?"

"தோப்புக்கு யாரும் வர வேண்டாம்."

சுரேந்தருக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தது. "எனக்காக ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்தத் தோப்ப விட்டுக் குடுக்கறதுக்கு உங்களுக்கு மனசு வரலீங்களா? நான் முன்னுக்கு வந்தா உங்களுக்குத்தானே பெருமை? தோப்பு, தோப்புன்னு அதையே கட்டீட்டு அழுங்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவள் முழங்கையைத் தொட்டார்.

பொள்ளாச்சி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இருவரும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். பேசியது அதிகம் என்று சுரேந்தருக்கே தோன்றியது. ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"என்னமோ சேதின்னு சொல்லீட்டே இருந்தீங்களே. என்னங்கப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பொறகு சொல்லிக்கலாம். ஊரு நல்லாக் காட்டுன."

கடைசியில் ஒரு மரியாதையாவது செய்வோம் என்று சுரேந்தர் பணத்தை எடுத்து, படியில் நின்ற கண்டக்டரிடம் நீட்டினான். "ரெண்டு பொள்ளாச்சி குடுங்க."

கண்டக்டர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவங்களுக்குப் பொள்ளாச்சி எதுக்குங்க தம்பி? தோப்ப வித்து மகனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச நாள்ல இருந்து அப்புசாமியண்ணனும் அக்காளும் வழியில ஈச்சனாரி பவுண்டரியில வாட்ச்மேன் ரூம்புலதானுங்களே இருக்காங்க."