தொட்டிக்குள் இருந்த பொழியூர்

கடலை நிறுத்தத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாறசாலையில் நான் வேலை பார்த்த டீக்கடைக்கு மேலே, லாட்ஜில் இருந்தார். பெயர் என்னவோ, எல்லாருக்கும் அவர் தொட்டி டாக்டர்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அம்பூரியில் ரப்பர் வெட்டி, கள்ளிக்காட்டில் ஹோட்டலில் மாவாட்டி, எங்கும் இருப்புக்கொள்ளாமல் பாறசாலைக்கு வந்திருந்தேன். டாக்டர் கடலோரப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வருடந்தோறும் சில மாதம் வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் தங்கிவிட்டு வருவார். அங்கே கல்யாண மண்டபத்தைவிடப் பெரிய தொட்டியில் மெஷின் வைத்து அலை உண்டாக்குவார்களாம்.

"அங்கெ கடலுக்கு சுவிட்ச் உண்டு மக்கா. சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவினும்" என்பார்.

பொழியூரில் கடலை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்த அவர் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "அந்த சுவிட்ச கழத்தி இங்கெ கொண்டு வாலே."

ஆராய்ச்சிக்கு அள்ளிவரும் மணல் மூட்டைகளோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அம்மா துரத்திவிட்டதால்தான் அவருக்கு லாட்ஜ் வாசம். அங்கும் கை சும்மா இருக்காது. குளியலறைத் தொட்டியில் பலகையைப் போட்டு அலை அடித்துப் பார்ப்பார். சோப்பு தேய்த்த முகங்கள் வாசலில் காத்திருக்கும்.

"டாக்டரே, இது கடலில்லை, குளிக்கிற வெள்ளமாக்கும்!" என்று லாட்ஜ்காரர் கதவை இடிப்பார்.

"இன்னும் ஒரேயொரு அலை அண்ணே!" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஒருமுறை பொழியூர் மணலைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு விமானம் ஏறினார். அந்த நாட்டு அதிகாரிகள் சந்தேகப்பட்டு நாயைக் கூட்டிவந்தார்களாம்.

"நாய் என்ன செஞ்சுது சாரே?"

"மீன் மணம் பிடிச்சுப்போச்சு மக்கா. பாட்டிலை விட்டுப் போமாட்டேன்னு படுத்துட்டுது."

அந்த மணலைக் கொண்டு, மையத்துத் தொட்டிக்குள் பொழியூர்க் கரையைச் சின்னதாகச் செய்தார். நிஜக் கரையில் இருப்பது போலவே ஒரு கல்சுவர். அதன் பின்னால் தீப்பெட்டி அளவில், அடுக்களைச் சாய்ப்போடு அம்மாவின் வீடு. ஆராய்ச்சிக்கு வீடு எதற்கு என்று அங்குள்ள பேராசிரியர் கேட்டாராம். "அதில் ஆள் இருக்கிறது" என்றாராம் இவர்.

எந்தச் சோதனையிலும் அந்த வீடு விழவில்லை. அங்கிருந்தே போன் செய்து, "வீடு நிக்கும் அம்மா, பயப்படாண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் கடல் ஏறி வர, பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டாக்டர் இல்லாத மாதங்களில் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. நெய்யாற்றின்கரையில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடப் போனேன்.

"எம் மோன் தொட்டியில போட்டுப் பாத்தாச்சு. வீடு நிக்குமாக்கும். நீ போலே" என்றார்.

மறுநாள் மதியம் கடல் கல்சுவரைத் தாண்டியது. கரையில் நின்ற மீன்காரர்களும் நானுமாக அம்மாவைக் கட்டிலோடு தூக்கினோம். வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். தெருமுனையில் எங்களுக்குப் பின்னால் வீடு விழும் சத்தம் கேட்டது. அதோடு திட்டுவதை நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டு டாக்டர் புறப்பட்டு வந்தார். நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அம்மா இருக்கிறார் என்று சொல்லியிருந்தும், பழக்கத்தில் பொழியூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் தேடிப் போனபோது, வீடு இருந்த இடத்துத் தண்ணீரைப் பார்த்துப் பெட்டியோடு நின்றார்.

"தொட்டியில வீடு ஏன் விழல்லேன்னு தெரியுமா மக்கா?"

"சுவர் பலம் சாரே."

"இல்லை. அலை வீட்டுக்கிட்ட வரும்போ நான் ஆஃப் பண்ணியிடுவேன். சோதனை முடியல்லேன்னு அவங்க ஏசுவாங்க. எனக்குக் கை வராது. அம்மா உள்ள இருக்குல்லா."

நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வாடகை வீட்டில் அவரைக் கண்டதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "தொட்டியில அந்த வீடு இப்பமும் உண்டா?"

"உண்டு அம்மா."

"இருக்கட்டும். எடுத்திராதே."

டாக்டர் இப்போதும் அந்த மையத்துக்குப் போய்வருகிறார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நேரே பொழியூர் பஸ்ஸில்தான் ஏறுகிறார். அம்பூரியில் நல்ல கூலிக்கு ரப்பர் வெட்டக் கூப்பிடுகிறார்கள். நான் ஓரிடத்தில் தங்கிப் பழகாதவன்தான். ஆனாலும், அவர் வரும் நாளில் அந்தப் பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டுமே.