பிரஸ்காரர் தும்மினால் சுவாச மண்டலம்

யாராவது தும்மினால் "நூறு" என்று வாழ்த்துவது உலக வழக்கம். ஒருவர் தும்மியதும் தெருவே வீட்டுக்குள் ஓடிப்போய் சுவாச மண்டலத்தை நெட்டுருப் போட்டது என்றால், அது மயிலாப்பூரில் எங்கள் தெருவில் மட்டும்தான். தும்மியவர் பிரஸ்காரர். பட்டணத்தில் அவரளவுக்கு உண்மை பேசியவரும் கிடையாது, அவரளவுக்கு யாரும் நம்பாமல் போனவரும் கிடையாது.

அது யுத்த காலம். நான் எஸ்.எஸ்.எல்.ஸி. மற்ற பாடங்களில் எப்படியாவது கரையேறிவிடுவேன். ஜீவசாஸ்திரம் என்கிற பயாலஜிதான் காலை வாரிக்கொண்டிருந்தது. அரையாண்டுப் பரீட்சையில் நான் வரைந்த தவளை இருதயத்தின் கீழே, "கத்தரிக்காய் நன்றாக வந்திருக்கிறது" என்று வாத்தியார் எழுதியிருந்தார். அப்பா என்னைத் திட்டவில்லை. பாண்டி பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த மாமாவிடம் போய் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார். தேறினால் காலேஜ், தவறினால் ஆயுசுக்கும் புளி நிறுக்க வேண்டியதுதான்.

"பழைய கொஸ்டின் பேப்பர் நாலு கிடைச்சா எழுதிப் பழகலாம்டா" என்றான் பக்கத்து பெஞ்ச் அமீர். லஸ்ஸில் அத்தர் கடை வைத்திருந்தவரின் மகன். ஆனால் ஊரெல்லாம் காகிதப் பஞ்சம். புத்தகக் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். பழைய தாள்களெல்லாம் கடலை வண்டிகளில் பொட்டலமாகிக்கொண்டிருந்தன. பொட்டலம் பொட்டலமாக வாங்கித் தின்றோம். வயிறு கெட்டது. கிடைத்ததோ பூகோளம்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வீட்டு மாமியின் மாடி அறைக்குப் பிரஸ்காரர் குடிவந்தார். தனிக்கட்டை, ஒல்லி, அச்சாபீஸில் வேலை. அமீருக்குக் கண்கள் பளபளத்தன.

"டேய், கொஸ்டின் பேப்பரை ஏதோ ஒரு அச்சாபீஸ்லதானே அடிக்கிறாங்க?"

"ஆமாம்."

"இவரும் அச்சாபீஸ்தானே?"

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நேரே போய்க் கேட்டுவிட்டோம். அவர் பதறிப் போனார்.

"இன்னா நைனா இது? நான் சோப்பு லேபிள் அடிக்கிறவன். கொஸ்டினும் தெரியாது, கிஸ்டினும் தெரியாது. ஆளை வுடு!"

"பார்த்தியா, வெளியே சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க" என்றான் அமீர், படி இறங்கும்போது.

வாயால் சொல்லாவிட்டாலும் ஜாடையாகச் சொல்வார் என்று, தெருவிலிருந்த எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லோருமாக அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தோம். தும்மினால் சுவாச மண்டலம். முதுகைச் சொறிந்தால் தோல். அவருக்குப் பல் பிடுங்கிய வாரம் தெரு முழுக்கப் பல் வரைந்தது. ஒரு நாள் கண் சிவந்து வந்தார். கண்ணிலிருந்து கேள்வி நிச்சயம் என்று கிட்டத்தில் போய்ப் போய் உற்றுப் பார்த்தோம். மறுநாள் எங்கள் எல்லோருக்கும் கண்வலி.

எதிர் வீட்டு மாமியின் பிள்ளையும் எங்கள் வகுப்புதான். ஒரு நாள் காலையில் மாமி அவரை வாசலில் மடக்கினாள்.

"பிரஸ்காரரே, நேத்திக்கு உமக்கு வயித்து வலியாமே? எங்காத்துப் பிள்ளை ராத்திரி பூரா ஜீரண மண்டலம் படிச்சுண்டிருந்தான். கொஞ்சம் சின்னப் பாடமாப் பார்த்து வலிக்கப்படாதோ?"

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. எங்களைக் கூப்பிட்டு, கை நிறைய லேபிள்களை நீட்டினார். "பாருங்கடா! சோப்பு! சோப்பு லேபிளு!" அமீர் ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்தான். "வாசனைகூட வருது. என்ன ஜாக்கிரதை பாரு" என்று என் காதில் சொன்னான்.

பரீட்சை நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மாமா கடைக்கு அழைத்துப் போய், நான் உட்காரப் போகிற இடத்தைக் காட்டினார். புளி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே ஒரு முக்காலி. திரும்பி வந்து பிரஸ்காரரின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். புளி, முக்காலி, எங்கும் அகப்படாத பழைய கொஸ்டின் பேப்பர், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று இரவு ரோமத்தைப் பற்றியும் படித்து வைத்தேன்.

மறுநாளிலிருந்து மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடிவரை நொண்டினார். நாங்கள் எலும்பு மூட்டைப் படித்தோம். ஒரு நாள் செம்பருத்திப் பூவைப் பிய்த்து, இதழ் தனி, மகரந்தம் தனி என்று வாசற்படியில் பரப்பினார். குளத்திலிருந்து தலைப்பிரட்டைகளைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வந்து ஜன்னலில் வைத்தார். உச்சகட்டமாக, சாந்தோம் கடற்கரையிலிருந்து ஒரு முழு மீனோடு வந்து மாமி வீட்டு வாசலிலேயே அதைத் திறந்து காட்டினார்.

"ஈஸ்வரா! என்னங்காணும் இது?" என்று மாமி அலறினாள்.

"செவுளு மாமி, செவுளு! பசங்க பாத்துக்கட்டும்!"

ஒவ்வொரு ஜாடையும் எங்களுக்கு ஒரு வினாத்தாள். விடை எழுதி, ஒருவர் தாளை ஒருவர் திருத்தினோம். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தில் மண்புழு ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம் பிரஸ்காரர் தெருவில் இறங்கி வந்தார். உள்ளங்கையில் ஒரு மண்புழு. முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

தேறினேன். தெருவில் எல்லோருமே தேறினார்கள். அம்மா கொடுத்த அப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"பரீட்சையில வந்ததெல்லாம் நீங்க காட்டினதுதான்! ஒண்ணுகூடத் தப்பலை!"

"எப்டி நைனா தப்பும்? புஸ்தகத்துல ஒரு பாடம் வுடாம காட்னேனே!"

பாயின் மேல் எங்கள் பயாலஜிப் புத்தகம் கிடந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியிருக்கிறார். அவர் நிஜமாகவே சோப்பு லேபிள்தான் அச்சடித்தார் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

"எட்டாவதோட நின்னவன் நானு. தெனம் ஒரு பாடம் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மண்புழுன்னா எனக்குக் கொல நடுக்கம். அத்த வுட்டுட்டு, பரீட்சையில அதுவே வந்துட்டா நீ புளி நிறுக்கப் போய்டுவியேன்னுதான் எடுத்தேன்" என்றார். பிறகு கூச்சத்தோடு சொன்னார்: "பரீட்சை அன்னிக்கு வேலைக்கே போவல. ஸ்கூல் கேட்டாண்டயே நின்னுகினு இருந்தேன். உள்ள இன்னா கேட்டானுங்களோன்னு ஒரே பயம், போ!"

அப்பத்தை அவர் கையில் வைத்துவிட்டு, அவர் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலேஜிலும் ஆபீஸிலும் அதற்கப்புறம் எத்தனையோ பரீட்சைகள் எழுதிவிட்டேன். என்னோடு சேர்ந்து பயப்பட ஒருவர் இருந்தது அந்த ஒன்றுக்குத்தான்.