பால்கனியில் தொங்கும் டிஸ்க்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உடம்பளவில் நானும் உங்கள் தங்கையும் நலம். மனதளவில் அவள் மட்டும் நலம். அங்கே அனைவரும் நலமென்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை என் மகள் உங்கள் வீட்டுக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை இங்கே வரக் கிளம்புவாள். அவளை எப்படியாவது புதன்கிழமைவரை பிடித்து வையுங்கள். அதற்காக நீங்கள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாலும் சரி.

காரணம் உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். போன வருஷம் பால்கனியில் புறாத் தொல்லை தாங்கவில்லை. பளபளவென்று எதையாவது தொங்கவிட்டால் வராது என்றார்கள். உங்கள் தங்கை ஒரு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்து, "இதக் கட்டுங்க, யாரும் கேக்கப் போறதில்ல" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் ஆவண அறையில் எண் பார்க்காமல் ஒரு கோப்பைக்கூட நகர்த்தாத நான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கட்டிவிட்டேன். இப்போது வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. போன வாரம் மகள் போனில், "அப்பா, உங்க மேஜை டிராயர்ல என்னோடது ஒண்ணு இருக்கு, வந்து எடுத்துக்கறேன்" என்றாள். திறந்து பார்த்தால் காகித உறை மட்டும் இருக்கிறது, உள்ளே டிஸ்க் இல்லை. உறையில் அவள் கையெழுத்தில் 'பங்க், ஸ்கா, நானே தொகுத்தது', கீழே பதினேழு பாட்டின் பெயர். இரண்டும் மேல்நாட்டுப் பாட்டு வகையாம், பங்க் என்றால் கத்தல், ஸ்கா என்றால் துள்ளல். கல்லூரி நாளில் அவள் அதைப் போட்டபோதெல்லாம், "பாத்திரக் கடையில அலமாரி சரிஞ்ச மாதிரி இருக்கு, நிறுத்து" என்று கத்தியவன் நான்தான். வேண்டுமென்றே தொங்கவிட்டேன் என்றுதானே நினைப்பாள்? டிஸ்க் போனால் போகட்டும் மச்சான், அவள் அப்படி நினைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் உறையைப் பார்த்து நானே ஒன்று தயாரிக்க உட்கார்ந்தேன். பாட்டுகள் கணினியில் கிடைத்தன, இறக்கத் தெரியாததால் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தேன், ஏழாவது பாட்டில் அழைப்பு மணி அடித்து நான் "யாரு?" என்றதும், கீழ்வீட்டுத் தையற்காரம்மா, "சார், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றதும் சேர்ந்தே பதிவாகிவிட்டன. முதல் டிஸ்க்கில் பழக்கதோஷத்தால் இனம் பிரித்து அடுக்கினேன், பங்க் எல்லாம் முன்னால், ஸ்கா எல்லாம் பின்னால். ஆறாவது பாட்டுக்குள்ளயே தலை கிறுகிறுத்துப் போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அவ சும்மா கலந்து போடல. ரெண்டு பாட்டு கத்தல், மூணாவதுல டிரம்பெட் வந்து, கிடார் தாளத்துக்கு நடுவுல துள்ளித் துள்ளி, நம்மள மூச்சு விட வைக்குது. பிள்ளை எவ்வளவு யோசிச்சிருக்கா, நான் ஒரு நாள்கூட முழுசா கேக்கல. ரெண்டாவது டிஸ்க்க ஒழுங்கா பதியுதான்னு பாக்கப் பாதியிலயே நிறுத்தி எடுத்தேன், போச்சு. மூணாவது பரவாயில்ல, ஆனா உறையில பதினோராவது பாட்டோட பேர்மேல டீ கொட்டியிருக்கு, கடைசி எழுத்து மட்டும் தெரியுது. அந்த எழுத்துல முடியற பாட்டா இதுவரைக்கும் நாப்பது கேட்டாச்சு, எது அவளோடதுன்னு தெரியல, துணி மடிக்கும்போது கால் தானா தாளம் போடுது, உங்க தங்கை ஒரு மாதிரி பாக்கறா.

புதன்கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவேன். அதுவரை எல்லாம் உங்கள் வயிற்றுவலியைப் பொறுத்தது. அக்காவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லோரும் எனக்கும் சேர்த்து நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
கவலையே வேலையாகிப்போன உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு, பின்பக்கத்தில்: மாமா, இது நான். சொல்லாமல் கொள்ளாமல் இன்றே வந்தேன். அப்பா கவர் வாங்கப் போயிருக்கிறார், கடிதம் மேஜைமேல் கிடந்தது. என் டிஸ்க்கைப் போன தடவையே எடுத்துப்போய்விட்டேன், என் பையில்தான் இருக்கிறது. விட்டுப்போன உறையைத்தான் கேட்டேன். பால்கனியில் தொங்குவது அப்பா ஓய்வுபெற்ற அன்று பேசிய ஐம்பது நிமிடப் பேச்சு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மூன்றாவது டிஸ்க்கைப் போட்டுக் கேட்டேன். ஏழாவது பாட்டில் அப்பா "யாரு?" என்கிறார், தாளம் தப்பாமல். எனக்கு அதுதான் வேண்டும். அதனால் அப்பாவைப் பொறுத்தவரை நான் இன்னும் வரவில்லை. தோழி வீட்டில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். அப்பா வந்ததும், இந்தப் பின்பக்கம் அவர் கண்ணில் படாமல் அம்மாவே கவரை வாங்கி ஒட்டிவிடுவாள். நீங்கள் வயிற்றுவலியை மட்டும் ஆரம்பித்துவிடுங்கள். பதினோராவது பாட்டை அவரே தேடிக்கொள்ளட்டும்.