பிஸ்கட் டப்பாவில் எட்டாயிரம் அடி

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் முதலாவதாக நிற்பது தன் பெயர்தான் என்பதை முத்திரை மூன்று முறை படித்து உறுதி செய்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நான்காவது முறையும் படித்தார். பெயர் நகரவில்லை.

தபால் பிரிவில் பதினோரு வருடமாக உறைகளின் மேல் முத்திரை குத்துகிறவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடி மூலை அறையில் தனியாக உட்கார்ந்து தட்டச்சு செய்யும் அம்மாளுக்குக் கண்வலி. ஞாயிற்றுக்கிழமை கண் ஆஸ்பத்திரி வரிசையில் அவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றதை மேனேஜரின் மனைவி பார்த்துவிட்டார். அன்று மாலையே மேனேஜர் போன் செய்து, "ஒரு வாரம் ஆபீஸ் பக்கம் வராதீங்கம்மா" என்றார். "சரிங்க சார், இருக்கிற எடத்த விட்டு நகரமாட்டேன்" என்று அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். மேனேஜருக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் பிரிவு வேலையைத் தொடங்கியது. ஒவ்வொரு மாடியிலும் கூரையில் வெள்ளைத் தட்டு போல ஒட்டிக்கொண்டிருக்கிற வைஃபை பெட்டிக்கு, யாருடைய போன் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது அத்துப்படி. கண்வலிக்காரரின் போனுக்குப் பக்கத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருந்த போன்களின் சொந்தக்காரர்கள் ஏழு நாள் வீட்டில் இருக்க வேண்டும்.

பட்டியலில் ஆறு பேர். ஐந்து பேருக்குப் பதினாறு, பதினேழு நிமிடம். முத்திரையின் பெயருக்கு நேரே மட்டும், 'தினமும் நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம்'.

வெள்ளிக்கிழமை பிரிவுத் தலைவர் வேலைக்கு இன்டர்வியூ. பதினோரு வருடமாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி. ஏழு நாள் வீட்டில் உட்கார்ந்தால் அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் அவர் மூன்றாம் மாடியை மிதித்து ஒரு வருடம் இருக்கும். அந்த அம்மாளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அங்கே போனதெல்லாம் அவருடைய போன்தான்.

இதற்கு டாக்டரைத்தான் குறை சொல்ல வேண்டும். 'தினம் எட்டாயிரம் அடி நடங்க' என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். மனைவி அதைச் சட்டமாக்கி, சாயங்காலம் வாசற்படியிலேயே போனை வாங்கிச் சோதிக்க ஆரம்பித்தாள். முத்திரை இரண்டு நாள் நடந்து பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் நாள் டீக்காரரின் தள்ளுவண்டி கண்ணில் பட்டது. மேல்தட்டில் டீ, நடுத்தட்டில் தபால் கட்டுகளும் தட்டச்சுத் தாள்களும், கீழ்த்தட்டில் மூடி தொலைந்துபோன ஒரு பிஸ்கட் டப்பா. வண்டிக்கு ஒரு சக்கரம் நொண்டி. அது தூக்கித் தூக்கிப் போடும்போதெல்லாம் டப்பாவில் கிடக்கிற போன் ஓர் அடி எண்ணிக்கொள்ளும். பத்து நாளாக எட்டாயிரத்துக்குக் குறைந்ததே இல்லை. டீ கொடுத்து முடிந்ததும் வண்டி மூன்றாம் மாடியில், அந்தத் தட்டச்சு அறை வாசலில் ஓய்வெடுக்கும்.

நேரே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உக்காராதீங்க சார், தள்ளியே நில்லுங்க" என்றாள்.

"இதுல ஏதோ தப்பு இருக்கும்மா."

"வைஃபை தப்பு பண்ணாது சார். வாசல்ல நமக்கு வருகை பதியறதே இதுதானே? போன் உள்ள வந்தா ஆள் வந்தாச்சு. நீங்க மூணாம் மாடிக்குப் போகலன்னா சொல்லுங்க, 'சந்தேகம்'னு போட்டுடறேன். ஆனா போன் எப்படிப் போச்சுன்னு எழுதிக் குடுக்கணும்."

எழுதிக் கொடுப்பதா? இந்தப் பெண்ணும் அவர் மனைவியும் ஒரே தையல் வகுப்பு. தாளில் மை காய்வதற்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

"போனேன், போனேன். இப்பதான் ஞாபகம் வருது. உறைக்கு மேல விலாசம் டைப் பண்ணிக்கப் போனேன்."

"தினமும் நாலே முக்கால் மணி நேரமா?"

"நீளமான விலாசம்மா."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். "சரி சார், 'உறுதி'ன்னு போட்டாச்சு. எந்தம்மா பக்கத்துல எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு வீட்டுக்கும் தானா மெசேஜ் போயிடும். அவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும்ல?"

கண்வலி வராமலே முத்திரைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மெசேஜ் கிடைத்ததும் மனைவி அவருடைய போனுக்கு அடித்தாள். டீக்காரர் உதவி செய்யும் குணம் உள்ளவர். டப்பாவிலிருந்து எடுத்துப் பேசினார்.

"முத்திரை சாரா? இது மூணாம் மாடிங்க, டைப் ரூம் வாசல். அவர் போன் எப்பவும் இங்கதாம்மா இருக்கும்."

அடுத்த நிமிடம் தபால் பிரிவின் மேஜைத் தொலைபேசி அலறியது.

"என்னங்க, யாரு அவ?"

"எவ?"

"நாலு மணி நேரம் நாப்பது நிமிஷம்! ஞாயித்துக்கிழமையில என்கூடச் சேர்ந்தாப்ல நாலு நிமிஷம் உக்காந்திருப்பீங்களா?"

"ஐயோ, அது ஆபீஸ் வேலைடி."

"எட்டாயிரம் அடி நடந்தும் ஒரு சுத்துகூட இளைக்கலையேன்னு நானும் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கேன். அங்க போய் உக்காந்துக்கிட்டா எப்படி இளைக்கும்?"

"சத்தியமா நான் அவங்க மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல!"

"நாலு மணி நேரம் மூஞ்சியப் பாக்காம வேற என்னத்தப் பாத்தீங்க? இருங்க, நான் அங்க வரேன்."

சொன்னபடி அரை மணி நேரத்தில் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறையில் உட்கார்ந்துவிட்டாள். முத்திரை சுவரோரமாக நின்றார். மேனேஜர் முன்னெச்சரிக்கையாகத் தானும் ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவர் கோபமாக இருக்கிறாரா, சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு உங்க பேரத்தான் முதல்ல எழுதி வச்சிருந்தேன்" என்றார் மேனேஜர். "இந்தப் பட்டியல்லயும் முதல்ல வருவீங்கன்னு நினைக்கல. அந்தம்மா பக்கத்துல நீங்க போனதே இல்லன்னு இப்பவே காட்டுங்க, வெள்ளிக்கிழமை தாராளமா வரலாம். இல்லன்னா ஏழு நாள் வீடு."

நாற்காலியா, மானமா? முத்திரை கண்ணை மூடிக்கொண்டு, டாக்டரில் தொடங்கி நொண்டிச் சக்கரம் வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்போ அந்த எட்டாயிரம்?"

"வண்டி நடந்துச்சு."

"உங்க மச்சான் நடக்கறதப் பாத்துக் கத்துக்கங்கன்னு எங்கண்ணன தினமும் திட்டிக்கிட்டு இருக்கேனே! அவர் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

டீக்காரரை வண்டியோடு வரச் சொன்னார்கள். கடக், கடக் என்று நொண்டிக்கொண்டே வண்டி உள்ளே வந்தது. அவர் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக் காட்டினார். உள்ளே முத்திரையின் போன் இருந்தது. காலையிலிருந்து மூவாயிரத்து நூறு அடி நடந்திருந்தது.

முத்திரைக்கு மூச்சு வந்தது. மனைவிக்கும் ஒருவகையில் நிம்மதிதான். கணவர் சோம்பேறி; அவ்வளவுதானே?

ஆனால் மேனேஜர் விடவில்லை. கம்ப்யூட்டர் திரையை எல்லோர் பக்கமும் திருப்பினார். மாடி வரைபடத்தில் இரண்டு புள்ளிகள்.

"சரி, இவர் போன் வண்டியில சுத்துச்சு, ஒத்துக்கறேன். இது பாருங்க, அந்தம்மாவோட புள்ளி. போன வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வண்டி ரெண்டாம் மாடி, அந்தம்மாவும் ரெண்டாம் மாடி. பதினொண்ணே காலுக்கு வண்டி முதல் மாடி, அந்தம்மாவும் முதல் மாடி. லிஃப்ட்லகூட ஜோடியாப் போயிருக்கு." கண்ணாடியை இறக்கி டீக்காரரைப் பார்த்தார். "அந்தம்மா எதுக்குய்யா நாள் பூரா உன் வண்டி பின்னாடியே சுத்தறாங்க?"

முத்திரையின் மனைவி கணவரை விட்டுவிட்டு டீக்காரர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இது உங்க வீட்ல தெரியுமா?"

டீக்காரர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நடுத்தட்டிலிருந்த தட்டச்சுத் தாள்களைப் பார்த்தார், பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார்.

"ஐயோ சார், வீண் பழி போடாதீங்க... அவங்க என் எதிர் வீடு, வீட்லயே டைப் பண்ணித் தாளையும் போனையும் என்கிட்டதான் குடுத்தனுப்புவாங்க, அந்தப் போனும் இதே டப்பாலதான் கெடந்துச்சு. அந்தம்மா ஆபீஸ் வாசப்படிய மிதிச்சே மூணு வாரம் ஆச்சு சார்!"