அண்டாவுக்குள் ஒரு கிதார்

மாலை நான்கு மணிக்கு மேடையில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. இன்னொரு பெட்டி வரும் வழியில் ஜட்கா வண்டியிலிருந்து உருண்டு, அல்சூர் கடைத்தெருவில் பூசணிக்காய்க் குவியல் ஒன்றின்மேல் இறங்கியிருந்தது. பூசணிக்காய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அதுக்கென்ன இப்போ? ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி இந்த ஒரே பெட்டியில குடுத்துட்டாப் போச்சு," என்றான் அலெக்சாண்டர். ரயில்வே குமாஸ்தா. தலையில் அரை டப்பி கிரீம், கையில் கிதார். வாசிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன் என்று ஜோகுபாளையம் முழுக்கப் பெயர்.

தியோடர் தலையை ஆட்டினான். ரேடியோ ரிப்பேர் கடைக்காரன். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் அவன் கையால் கட்டியவை.

"வால்வு செட்டுடா இது. சேத்துக் கட்டினா ஒண்ணோட பாட்டு பெட்டிக்குப் போகாம இன்னொண்ணோட வாயில போய் இறங்கும். ரெண்டுல ஒண்ணு செத்துரும்."

சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவர் எடுக்கத் திரும்பினான். திரும்பிய நேரத்தில் அலெக்சாண்டர் முறுக்கிவிட்டான். ஃப்யூஸ் ஒரு பெருமூச்சு விட்டுப் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, போனது அது மட்டும்தான்.

தியோடருக்கு அன்று பெட்டி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. சர்ச் ஹாலில் நடக்கவிருந்தது மௌரீனுக்குப் பிரிவு உபசாரம். திங்கட்கிழமை நாக்பூருக்குப் போகிறாள், டீச்சர் வேலைக்கு. நான்கு வருஷம் ஒரே பாடகர் குழுவில் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் நின்று பாடியும் தியோடர் அவளிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம், "புக்கு கீழ விழுந்திருச்சு." வாயால் ஆகாது என்று தெரிந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் கிதாரில் ஒரு மெட்டாகக் கட்டி வைத்திருந்தான். இன்று அவள் அதைக் கேட்டாக வேண்டும். பத்துப் பேர் பார்த்தால் அவனுடைய மோதிர விரல் மரத்துப்போகும் என்பது வேறு விஷயம்.

பெட்டியை ஒருவர் மாற்றி ஒருவர் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு இரண்டு பக்கமும் சாயும் கத்தி சுவிட்ச் வேண்டும். ஹால் காவல்காரர் முனிராஜ் போய், கிணற்று மோட்டாரிலிருந்தே அதைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"நோடி சார், இந்தப் பக்கம் சாச்சா அவரு, அந்தப் பக்கம் சாச்சா நீங்க," என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி ஆட்டிக் காட்டினார்.

அதோடு ஹாலில் தண்ணீர் வருவது நின்றது. சமையலறையில் வள்ளியம்மா ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த ஓர் அண்டாத் தண்ணீர்தான் மிச்சம்.

அடுத்த சிக்கலை தியோடரே கண்டுபிடித்தான். பெட்டி கிடைக்காத ஆம்ப்ளிஃபையர் சும்மா இருக்காது. உள்ளே வந்த பாட்டு வெளியே போக வழியில்லாவிட்டால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். போக்கிடம் ஒன்று வேண்டும். ஹீட்டர் காயிலில் ஏழில் ஒரு பங்கை வெட்டினான், மீட்டரை வைத்து எட்டு ஓம் பார்த்தான், சுவிட்சில் மாட்டினான். இனி யாருக்குப் பெட்டி இல்லையோ அவருடைய பாட்டு காயிலுக்குப் போகும், வெறும் சூடாகத் தீர்ந்துவிடும்.

அலெக்சாண்டர் சோதித்துப் பார்த்தான். காயில் அவன் வாசித்ததையே கொசுக் குரலில் முனகிற்று, சிவந்தது, மேடைத் திரையின் ஓரத்தைத் தின்ன ஆரம்பித்தது.

சர்ச் செக்ரட்டரி வந்து, இந்தக் கொள்ளிக்கட்டை ஹாலுக்குள் இருந்தால் விழாவே இல்லை என்றார். காயிலைத் தண்ணீரில்தான் வைக்க வேண்டும். தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது. தியோடர் நீள வயர் இழுத்து, வள்ளியம்மாவின் மர அகப்பையில் காயிலைச் சுற்றி, அண்டாவில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டான்.

"கரெண்டுத் தண்ணியில டீ போட்டா குடிக்கிறவங்க பல்லு வெளக்கா எரியாதா தம்பி?" என்று கேட்டாள் வள்ளியம்மா.

எரியாது என்று சத்தியம் செய்துவிட்டு மேடைக்கு ஓடினான்.

ஐந்தரைக்கு விழா தொடங்கியது. ஏற்பாடு எளிது. முதலில் அலெக்சாண்டர், பிறகு டீ, பிறகு தியோடர். முனிராஜ் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்தபடி ஸ்டூலில் அமர்ந்தார். ஜன்னல் வழியே ஏரிக் காற்று வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பூக்கள் மிதந்து வந்து முன்வரிசைக் கொண்டைகளில் தாமாகவே செருகிக்கொண்டன. வெயில் மஞ்சளாகி, அப்படியே நின்றுவிட்டது. அன்று ஏரிக் கொக்குகள் ஒரு மணி நேரம் காலை மாற்றவில்லை என்று பார்த்தவர்கள் உண்டு.

முறை வரும்வரை விரல் சூடாக இருக்கட்டும் என்று தியோடரும் கிதாரைத் தொட்டான். பெட்டி அலெக்சாண்டரிடம் இருந்ததால் தியோடரின் சத்தம் ஒருவருக்கும் எட்டவில்லை. தியோடருக்கே எட்டவில்லை. ஒருவருக்கும் கேட்கவில்லை என்றதும் மோதிர விரல் மரத்துப்போக மறந்துவிட்டது. மௌரீனுக்கான மெட்டை எடுத்தான். வீட்டில்கூட அவ்வளவு தைரியமாக வாசித்ததில்லை. நான்கு வருஷமும் வரிசையாக விரலுக்கு வந்து, கம்பியில் இறங்கி, வயர் வழியே போய்த் தண்ணீரில் கரைந்தன.

ஆறு மணிக்கு டீ வரவில்லை. மௌரீன்தான் எழுந்து, என்னவென்று பார்த்து வருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பவில்லை. விழா நாயகியின் நாற்காலி காலியாக இருந்தது.

"டீ வர்ற வரைக்கும் நிறுத்தாதே, கூட்டம் கலைஞ்சிரும்," என்று செக்ரட்டரி அலெக்சாண்டரின் காதில் சொன்னார். அலெக்சாண்டரிடம் சொல்லத் தேவையே இல்லாத வாக்கியம் அது. டீ வரவில்லை, அவன் நிறுத்தவில்லை. தியோடரின் முறை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. முனிராஜ் கைப்பிடியைப் பிடித்தவாறே தூங்கிப்போயிருந்தார், அலெக்சாண்டர் பக்கமாகச் சாய்ந்து. தியோடர் காலி நாற்காலியைப் பார்த்தபடி அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் நன்றாக வந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஏழு மணிக்கு அலெக்சாண்டரின் கம்பி அறுந்தது. செக்ரட்டரி கைகூப்பி விழாவை முடித்து வைத்தார். பிறகு தியோடரிடம் வந்து, எல்லாம் உன் காயிலால் வந்த வினை, போய் முதலில் அதை அண்டாவிலிருந்து உருவு, இருக்கிறவர்களாவது டீ குடிக்கட்டும் என்றார்.

தியோடர் கிதாரை வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தான். மௌரீன் கிளம்பிப் போயிருப்பாள். திங்கட்கிழமை நாக்பூர். அண்டாவிலிருந்து அகப்பையை எடுத்துத் துடைத்து வள்ளியம்மாவிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

சமையலறை வாசலில் வள்ளியம்மா இரு கையையும் நீட்டி மறித்தாள். முகத்தில் ஒரு மணி நேரக் கோபம்.

"நீங்க எதுக்குத் தம்பி நிறுத்திட்டு வந்தீங்க? பம்ப்பு ஸ்டவ்வு சத்தத்துல பாட்டு கேக்காதுன்னு என்னைப் பத்தவே வைக்க விடாம, மௌரீனம்மா ஒரு மணி நேரமா அண்டாவுல காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. போய் இன்னொரு தரம் வாசிப்பீங்களாம்."