ரக்கூனின் தலை கழன்ற வியாழக்கிழமை

வரலாறு எழுதுகிறவன் எழுதுவதோடு நிற்க வேண்டும். உள்ளே புகுந்து வேடம் கட்டக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெப்ரவரி வியாழக்கிழமை, பின்னேரம் ஆறு பத்துக்கு. (நாட்குறிப்பில் இருக்கிறது. நாட்குறிப்பில் இல்லாத எதையும் நான் சொல்வதில்லை. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.)

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ‘ரக்கூன்கள்’ என்று பெயர். ரக்கூன் என்பது கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு குப்பைத்தொட்டி கிண்டித் திரியும் கனடாப் பிராணி. முன்னொரு காலத்தில் உடைமாற்றும் அறைக்குள் புகுந்த ரக்கூன் ஒன்று எதிரணியின் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் தின்றதாம். பசியோடு ஆடியவர்கள் தோற்றார்களாம். அணியின் வரலாற்றைத் துண்டுப்பிரசுரமாக எழுதும் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கினேன். பழைய ஆட்டக்காரர் மூவரைத் தேடிப் பிடித்தேன். மூவரும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார்கள். ஒருவர், தின்றது ரக்கூனே இல்லை, எங்கள் பயிற்சியாளர்தான் என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள். ஆட்டத்தின்போது அணியை உற்சாகப்படுத்த ரக்கூன் வேடம் போடுகிறவர் வாய் திறக்கக் கூடாது. ஆட்டம் முடியும்வரை வேடத்தின் தலையைக் கழற்றவும் கூடாது. கழற்றினால் தோல்வி. அதுவரை ஒருவரும் கழற்றியதில்லை. இந்த விதியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டவன் நான்தான்.

அரையிறுதி ஆட்டத்தன்று வழக்கமாக வேடம் போடுகிறவனுக்குக் காய்ச்சல். எங்கள் அணி இறுதியாட்டத்தை ஒருமுறையும் கண்டதில்லை. அன்று வென்றால் காணலாம். விதிகளை முழுதாக அறிந்தவன் நான் என்பதால், கப்டன் டிலன் ரக்கூனை என் கையில் ஒப்படைத்தான். தலைக்குள் பல தலைமுறைகளின் வியர்வை மணந்தது. (அதையும் குறித்து வைத்தேன்.)

ஆட்டம் முடியப் பன்னிரண்டு விநாடி. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். டிலனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, தடுப்பாரில்லாமல் எறியும் வாய்ப்பு. அவனுக்காக மண்டபமே வாயை மூடிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, தன் மகளை ஏற்றிப்போக வந்த சிவராசா அங்கிள் பக்கக் கதவால் நுழைந்து என் அருகில் வந்து நின்றார்.

நாங்கள் கனடாவில் இறங்கிய நாளன்று விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிவந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் தன் வீட்டிலேயே இரண்டு மாதம் வைத்திருந்த மனிதர். அவர் நின்றால் அப்பாவே உட்கார்ந்திருக்க மாட்டார். நானோ கதிரையில் சாய்ந்து கிடக்கிறேன். தலையில் தொப்பி இருந்தாலே மரியாதையில்லை. எனக்கு ஒரு முழு மிருகத்தின் தலை.

கால்கள் தாமாக எழும்பின. கைகள் தாமாக மேலே போய் ரக்கூன் தலையைக் கழற்றின. மூளைக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

“வாங்கோ அங்கிள். சுகமா இருக்கிறியளோ?”

அந்த அமைதியில் என் குரல் கடைசி வரிசைவரை போனது. டிலன் திரும்பிப் பார்த்துக்கொண்டே எறிந்தான். பந்து வளையத்தைத் தொடவில்லை. இரண்டாவது எறிதல் பலகைக்கும் மேலால் போனது. ரக்கூனுக்குள் ஆள் இருப்பதைக் கண்ட ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

அங்கிள் என்னை மேலிருந்து வால்வரை பார்த்தார்.

“உது நீரோ தம்பி? லைப்ரரியில படிக்கிறீர் எண்டெல்லோ அப்பா சொன்னவர்.”

“ஓம் அங்கிள். இப்பதான் இஞ்ச வந்தனான்.”

“சரி, உந்தத் தலையைப் போடும். தலைக்குக் குளிரப்போகுது.”

ஒரு புள்ளியால் தோற்றோம். உடைமாற்றும் அறையில் ஒருவரும் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பெரியவர்களுக்கு எழும்பி நிற்கும் எங்கள் வழக்கத்தைக் கால் மணி நேரம் விளக்கினேன், வாலோடு. டிலன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். பிறகு என் துண்டுப்பிரசுரத்தை நீட்டி, அடுத்த பதிப்பில் இதையும் சேர், பெயரோடு சேர் என்றான். சேர்த்தேன். கிழமை, நேரம், விநாடி, என் பெயர். அந்தப் பிரசுரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே தகவல் அதுதான்.

ஆண்டுகள் பல போய்விட்டன; இப்போது குடும்பத்தோடு மார்க்கம் நகரில் இருக்கிறோம். பெரியவர் யாராவது வாசலில் கால் வைத்தால் நான் இன்னமும் எழும்பிவிடுகிறேன். அந்த நேரம் தொலைக்காட்சியில் ஏதாவது ஆட்டம் ஓடினால், மகள் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

“அப்பா, ப்ளீஸ், இருங்கோ. ஒரு பொயின்ற்தான் லீட்.”