ஏழாம் நம்பர் பஸ்ஸில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள்

உற்சாகம் தலைக்கேறினால் எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது. வாய் மட்டும் ஜோராக வேலை செய்யும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெங்களூரில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை எனக்கு. சங்கத் தேர்தலில் துணைச் செயலாளராக ஜெயித்தபோது வயது முப்பத்தெட்டு. (எங்கள் சங்கத்தில் முப்பத்தெட்டு என்றால் கைக்குழந்தை. மாலை போட்டவர்கள் கன்னத்தைக் கிள்ளாததுதான் பாக்கி.) அப்போது சங்கத்தின் முழுநேர வேலையே ரிடையர்மென்ட் விழா நடத்துவதுதான். மாதா மாதம் சந்தன மாலை, சுவர்க் கடிகாரம், காராபாத், கேசரிபாத். போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், வருகிறவர்களைக் காணோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. பதவியேற்ற மேடையிலேயே மைக்கைப் பிடித்து, "மூணு மாசத்துல நாப்பது இளைஞர்களைச் சேர்ப்பேன். இல்லன்னா ராஜினாமா!" என்று முழங்கிவிட்டேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

தலைவர் நாகராஜண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனம்மா ஸ்டெல்லா, யார் கேட்டாங்க உன்ன?"

யாரும் கேட்கவில்லைதான்.

இரண்டரை மாதம் கேட் மீட்டிங் போட்டேன். ஷிப்ட் விட்டதும் வாசலில் நின்று கோஷம் போடுவது எங்கள் வழக்கம். நான் தொண்டை கிழியக் கத்துவேன். பதில் கோஷம் போடவேண்டிய இளசுகள் காதில் இயர்போனோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடும். ஒருத்தரும் சேரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. பஸ்ஸை விட்டு அவர்கள் வரமாட்டார்களா? சரி, நான் பஸ்ஸுக்குள் போகிறேன்! அதுவும் பொம்மசந்திரா போகிற ஏழாம் நம்பர் கம்பெனி பஸ். சில்க் போர்டு டிராபிக்கில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் யார் எங்கே ஓடமுடியும்?

கையில் ஒரு குட்டி மைக், ஒரு கட்டு உறுப்பினர் படிவம். ஏறிப் பார்த்தால், அம்மாடி, பஸ் நிறைய இளசுகள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். நான் எங்கே யோசித்தேன்? கேண்டீன் சாம்பாரில் ஆரம்பித்து, ஓவர்டைம், பெண்களுக்கான ஓய்வறை என்று வெளுத்துவாங்கினேன். விசில் பறந்தது.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், பெயர் லக்ஷ்மி. "அக்கா, நெஜமாவே எங்கள சேத்துக்குவீங்களா?"

"ஏம்மா சேத்துக்க மாட்டோம்? இது உங்க சங்கம்!"

"இல்லக்கா, இதுவரைக்கும் எங்கள யாரும் கேட்டதே இல்ல."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. (கண்ணைத் துடைத்த கையோடு படிவத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்திருக்கலாம்.) இறங்கும்போது பையில் நாற்பத்திரண்டு படிவங்கள். மறுநாள் காலையில் நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தாயிற்று.

நாகராஜண்ணா லட்டைக் கடித்தபடியே மேலே இருந்த படிவத்தைப் பார்த்தார். கடித்தது தொண்டையில் நின்றது.

"டோக்கன் நம்பர் சி-ல ஆரம்பிக்குதேம்மா. இவங்க எல்லாம் காண்ட்ராக்ட் ஆளுங்க. நம்ம சங்கத்தோட பைலா விதி பிரகாரம் பர்மனென்ட் ஆளுங்கதான் மெம்பர்!"

பொம்மசந்திராப் பக்கம் போய்வந்த பர்மனென்ட் ஊழியர்கள் எல்லாரும் ரிடையராகி, காலியான பஸ்ஸை எப்போதோ காண்ட்ராக்டருக்கு விட்டுவிட்டார்களாம். கேட் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஸ்கூட்டரில் வந்துபோகிற துணைச் செயலாளருக்குத்தான் தெரியவில்லை. (வேலை நேரத்தில் அவர்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்குச் சாம்பல். பஸ்ஸில் எல்லாரும் டி-ஷர்ட், சுடிதார்.) பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

சாயங்காலம் படிவங்களைத் திருப்பிக் கொடுக்க அதே பஸ்ஸில் ஏறினேன். உள்ளே கைதட்டல்! லக்ஷ்மி எனக்கென்று ஒரு முழம் மல்லிப்பூ வேறு வாங்கி வைத்திருந்தாள். மைக் இல்லாமல், தலை குனிந்து, விஷயத்தைச் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "லட்டு குடுத்தீங்களாமே, எங்களுக்குக் கிடையாதா?"

லக்ஷ்மி சிரிக்கவில்லை. "பைலாவ யாருக்கா எழுதினது?"

"சங்கத்துலதான்."

"அப்ப சங்கத்துலயே மாத்தி எழுதலாம்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக மெம்பர், ஒரு நாளாவது எனக்கு அது தோன்றியதா? அங்கேயே, படிவங்களின் பின்பக்கத்தில், திருத்தத்தை எழுத உட்கார்ந்தோம். ஆளுக்கொரு யோசனை, ஒரே கூச்சல். அன்றைக்குச் சில்க் போர்டில் பஸ் நகரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே பெங்களூர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

பொதுக்குழு கூடியபோது என் கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு கையில் திருத்தம், இன்னொரு கையில் ராஜினாமா. நாற்பத்திரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எகிறினார். "காண்ட்ராக்ட் ஆளு இன்னிக்கு இருப்பான், நாளைக்கு இருக்கமாட்டான்!"

நாகராஜண்ணா எழுந்தார். "நீயும் நானும் மட்டும் இருக்கப் போறோமா? அடுத்த மாசம் ரெண்டு பேருக்கும் கடிகாரம் ரெடியா இருக்கு, கூத்துக்கோ சுவாமி, உக்காரு!"

மண்டபமே சிரித்தது. திருத்தம் ஆறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. என் ராஜினாமா ஏகமனதாக ஏற்கப்பட்டது.

இப்போது அந்தத் துணைச் செயலாளர் நாற்காலியில் லக்ஷ்மி உட்கார்ந்திருக்கிறாள், என்னைவிட நன்றாகவே. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

வீட்டில்தான் நிம்மதியில்லை. எங்கள் விவேக் நகர் ஸ்டாப்பில் நான் எந்த பஸ்ஸில் கால் வைத்தாலும் என் கணவர் பின்னாலிருந்து கத்துவார். "உள்ள இருக்கறவங்க எல்லாம் பர்மனென்டான்னு கேட்டுட்டு ஏறு, ஸ்டெல்லா!"

போன ஞாயிற்றுக்கிழமை லக்ஷ்மியும் கூட இருந்தாள். "அக்கா எங்க கேப்பாங்க? ஏறின உடனே ஃபார்ம் குடுத்துருவாங்க!" என்றாள்.